என்றைக்கும் என்று ஒரு தேதி

யாரும் கூப்பிடாமலேயே குதிருக்குள் கை நகர்ந்தது.

ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கன்சோலைப் பார்த்தாள். பச்சை எழுத்துகளில் புதிதாக ஒன்றும் வந்திருக்கவில்லை. எந்த வேலையும் எந்த டேப்பையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே டெ மாய்ன் நகரத்தின் மேல் அந்தக் குளிர்காலத்து முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் சர்ச்சிலிருந்து திரும்பி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, டிவியில் பந்தாட்டத்தைப் பார்த்தபடி கண்ணயர்ந்திருப்பார்கள். இந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நிலவறையில் அவளும் யந்திரங்களும்தான். ஜன்னல் கிடையாது. எந்நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே குளிர்காற்று, சூடேறிய தூசியின் அதே வாசனை. அந்த இரைச்சலுக்கு அடியில்தான் அது கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு, பிறகு நின்றதற்கு அடையாளமாக ஒரு சின்ன 'டிக்'.

சைலோ என்று இங்கே சொல்வார்கள். நம் குதிர்தான். சோளக் காட்டுக்கு நடுவே பிறந்த ஜனங்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆள் உயரத்தைத் தாண்டிய வட்டமான இரும்புக் குதிர். அதன் உள்சுவர் பூராவும் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன மாடங்கள், மாடத்துக்கு ஒரு டேப், கம்பெனியின் பதிவுகள் ஏறிய காந்த நாடா. நடுவில் ஒரு தூண். தூணைச் சுற்றிவரும் ஒரு கை. கையின் நுனியில் ஒரு விளக்கும் ஒரு கண்ணும். எந்த டேப் எந்த மாடத்தில் இருக்கிறது, எதுவரை வைத்திருக்க வேண்டும், எப்போது காலி என்று விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் ஒரு கிழட்டு மென்பொருளின் பொறுப்பு. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் கல்லறைக்கு. கீழ்த்தளத்தில் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர். வாட்ச்மேன் சொல்லாமல் கை அசையாது. அசைந்ததாக ஆர்லிஸின் அனுபவத்தில் இல்லை.

எழுந்துபோய்க் குதிரின் கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் கையின் விளக்கு ஒரே ஒரு மாடத்தின்மேல் விழுந்து அப்படியே நின்றிருந்தது. கை டேப்பை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.

அவளுக்கு அந்த மாடம் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பாள். அதில் ட்ராய் இருந்தான்.

ட்ராய் அவள் மகன். ஒரே மகன். போன வருஷம் ஜனவரியில், பத்தொன்பது வயதில், அவளுடைய நீலக் காரை எடுத்துக்கொண்டு பனிப்புயலில் கிளம்பினான். எங்கேயோ ஒரு கிராமத்து ரோட்டில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டான். புத்தியுள்ளவன் போலீசைக் கூப்பிட்டிருப்பான். இவனுக்கு அடி பட்டதைவிடக் கார் நசுங்கியதுதான் பயம். காரில் கிடந்த, பைக்குள் வைத்துத் தூக்கிப்போகும் ஃபோனை எடுத்து, கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த இன்ஷூரன்ஸ் அட்டையைப் பார்த்து, அம்மாவின் கம்பெனிக்கே அடித்தான். அம்மாவுக்குத் தெரியாமல் இதை முடிக்க முடியுமா என்று கேட்டான். க்ளெய்ம்ஸ் பிரிவில் எடுத்த பெண் சிரித்தாள். இவனும் சிரித்தான். பேசப் பேச அவன் நாக்கு குழற ஆரம்பித்தது. அப்புறம்தான் அம்மாவைக் கேட்டான். கீழேதான் இருக்காங்க, டேப் ரூமில், ஒரு தடவை கொடுங்களேன் என்றான்.

அந்தப் பெண் லைனை மாற்றிக் கொடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் ஆர்லிஸ், கை தவறவிட்ட ஒரு டேப்பைப் பொறுக்குவதற்காகக் குதிருக்குள் குனிந்திருந்தாள். வெளியே கேட்கும் சத்தம் இரும்புச் சுவரைத் தாண்டி உள்ளே வராது.

எந்த ரோடு என்று அந்தப் பெண் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. குளிருது என்று மட்டும் சொன்னான். அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் பனி தள்ளும் வண்டிக்காரன்தான் காரைப் பார்த்தான்.

கம்பெனியில் எல்லா அழைப்பும் பதிவாகும். சில மாதம் இருக்கும், பிறகு அந்த டேப்பை வாட்ச்மேன் காலி என்று அறிவிக்கும். காலி என்றால் அழிப்பதில்லை. அடுத்து வரும் வேலை முதலிலிருந்து அதன் மேலேயே எழுதும். எழுதி முடித்த இடத்தில் ஒரு முடிவுக்குறி விழும். அந்தக் குறிக்கு அப்பால் பழையது எஞ்சியிருந்தாலும் எந்த யந்திரமும் அங்கே போகாது. கண்ணுக்கு முன்னால் இருக்கும், கைக்கு எட்டாது.

அப்படி நடக்கவிடுவாளா? அவன் சாவின் விசாரணை முடிந்த அன்றே அவள் அவன் குரல் இருந்த டேப்புக்கு வேறு தேதி கொடுத்துவிட்டாள். 99365. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள். இந்தத் தொழிலில் எல்லோரும் ஆதிகாலத்திலிருந்து அப்படித்தான் போடுவார்கள். அதற்கு அர்த்தம் தேதி இல்லை, 'என்றைக்கும்' என்பது. வாட்ச்மேனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

அந்தக் குரலை அவள் விசாரணையில் ஒரே ஒருமுறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை, தாங்காது. ஆனால் அவன் பிறந்தநாளன்று அந்த டேப்பைக் கொண்டுவரச் சொல்லுவாள். கை போய் எடுத்துவரும், டேப்பைப் படிக்கிற, எழுதுகிற டிரைவ் வாங்கிக்கொள்ளும், டிரைவின் சின்னப் பலகையில் டேப்பின் எண் ஒளிரும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு திருப்பி அனுப்பிவிடுவாள். பிள்ளை கொஞ்சம் வெளியே வந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

இன்றைக்குப் பிறந்தநாள் இல்லை.

கன்சோலில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஒரு வரி வந்திருந்தது. ஒரு டேப் எண், பக்கத்தில் 'காலி'. அவள் பார்க்கும்போதே அடுத்த வரி. அடுத்தது. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ விளக்குகளை அணைத்துக்கொண்டே வருவதுபோல.

காலையில் வெண்டல் சொன்னது நினைவுக்கு வந்தது. வெண்டல் மென்பொருள் ஆள். அவளோடு சேர்ந்து தலை நரைத்தவன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் என்னென்ன உடையும் என்று பார்க்க இன்றைக்குச் சோதனை யந்திரத்தில் கடிகாரத்தை ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னே தள்ளியிருந்தான்.

"நாம பண்ண கூத்தைப் பாரு ஆர்லிஸ்," என்று சிரித்திருந்தான். "உலகம் தொண்ணூத்தொம்பதோட முடிஞ்சிரும்னு நெனச்சு, கடைசி நாளைத் தூக்கி 'என்னைக்கும்'னு வச்சோம். இப்ப அந்த நாள் நெஜமாவே வருது. அந்தச் சலுகையை வாட்ச்மேன்கிட்டயிருந்து எடுத்துட்டேன். இனிமே அதுக்கு அதுவும் ஒரு தேதிதான்."

"அப்ப அந்த டேப்பெல்லாம்?"

"அட, இது சோதனைம்மா. சோதனைப் பக்கத்து வாட்ச்மேன் நெஜப் பக்கத்து டேப்பைத் தொடவே முடியாது. கவலப்படாத. கொத்துக்கறி பன் வாங்கிட்டு வரேன், வெங்காயம் வேணுமா வேணாமா?"

பாவி மனுஷன். இரண்டு பக்கத்துக்கும் குதிர் ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டான்.

அவள் ட்ராயின் டேப் எண்ணை அடித்தாள். அவசரத்தில் முதல்முறை தப்பாகப் போனது. மறுபடி அடித்தாள். திரையில் அவள் கொடுத்த தேதி அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில்: காலம் முடிந்தது. காலி.

அந்தக் 'காலி'யை ரத்துசெய்யச் சொல்லி வாட்ச்மேனைக் கேட்டாள். மறுத்தது. வேறு விதமாகக் கேட்டாள். அதற்கும் மறுத்தது. வெண்டலின் அனுமதி இல்லாமல் முடியாது. வெண்டல் வீட்டுக்கு அடித்தாள். அவன் மனைவி எடுத்து, அவர் உன்னோடுதானே இருக்கிறார் என்று கேட்டாள். கடைக்குப் போனவனைப் பனியில் எங்கே தேடுவது? இன்னும் சிறிது நேரத்தில் ஏதோ ஒரு வேலை வெற்று டேப் ஒன்று கேட்கும். கிடக்கும் காலிகளில் எதை வேண்டுமானாலும் வாட்ச்மேன் கொடுக்கலாம். ஆனால் கையின் விளக்கு எந்த மாடத்தின்மேல் நின்றிருந்தது என்று அவள் பார்த்திருந்தாள்.

ஒரே வழிதான். உள்ளே போய்க் கையால் எடுத்துவிடுவது.

குதிருக்குள் தனியாக இறங்காதே என்பது இந்த மாநிலத்தில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே சொல்லப்படுவது. சோளக் குதிரில் இறங்கிய பிள்ளைகளைச் சோளம் விழுங்கியிருக்கிறது. இந்தக் குதிருக்கும் அந்த மரியாதை உண்டு. கதவுச் சாவியைத் திருப்பினால்தான் கை நிற்கும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கை நின்ற நிலையில் கம்பெனியே நிற்கும், மேலேயிருந்து வசவு வரும். வருஷக்கணக்காகச் செய்து செய்து அவள் உடம்புக்கே அது பழகியிருந்தது.

சாவியைத் திருப்பினாள். கை பெருமூச்சு விட்டமாதிரி அடங்கியது. விளக்கு அணைந்தது. அவள் உள்ளே போனாள்.

வெளி இரைச்சல் பின்னால் மூடிக்கொண்டது. எண்ணெய் வாசனை, பிளாஸ்டிக் வாசனை, அவற்றுக்கு அடியில் இந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாசனை. ஈரக் கம்பளி. பனியில் நனைந்த கோட்டை ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டால் வருமே, அது. டார்ச் வெளிச்சம் மாடம் மாடமாக ஏறியது. டேப்புகளின் முதுகுகள் அவளைச் சுற்றி வரிசையாக நின்றன. மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. இங்கே இவ்வளவு குளிராக இருந்ததே இல்லை. தூணைச் சுற்றி நடந்தபோது, உறங்கிப்போன கையின் கண் தன்னைத் தொடர்ந்து திரும்புகிறதா என்று பார்த்தாள். திரும்பவில்லை. திரும்பவில்லை என்றுதான் நினைத்தாள்.

அந்த மாடம் வந்தது. டேப்பின் முதுகைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். பனிக்கட்டியைத் தொட்டமாதிரி சுட்டது. மறுபடி பிடித்து இழுத்தாள். வரவில்லை. நுனியில் பிடித்துக்கொண்டு அசைத்தாள். அரை விரல்கடை வந்து சிக்கிக்கொண்டது.

"வாடா கண்ணு," என்றாள். "அம்மாகூட வந்துருடா."

அப்போது மணி அடித்தது.

அவள் அசையாமல் நின்றாள். வெளியே கேட்கும் சத்தம் குதிருக்குள் வராது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஒரே காரணத்துக்காகத்தானே இத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாள். ஆனால் அடித்தது. டேப் ரூம் ஃபோன். மேல் மாடியிலிருந்து மாற்றிக் கொடுத்தால் வரும் அந்த இரட்டை மணி.

வெண்டலாக இருக்கும், என்று சொல்லிக்கொண்டாள்.

மறுபடி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. மேல் மாடியில் ஆளே கிடையாது.

டேப்பை இழுத்தாள். வரவில்லை. மணி அடித்தது. எத்தனை தடவை அடித்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். பதிவில் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவையும் விட்டுவிட்டால் என்ற நினைப்பு வந்ததுமே விரல்கள் தாமாக விட்டுவிட்டன. டார்ச் கீழே விழுந்தது. ஓடினாள். தூணில் தோள் இடித்தது. வெளிச்சத்துக்குள் வந்து, கதவை இழுத்துச் சாத்தி, சாவியைப் போட்டுத் திருப்பி, சுவரிலிருந்த ஃபோனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ, க்ளெய்ம்ஸா? என் பேரு ட்ராய் ஹெக்ஸ்ட்ரா. காரைக் கொண்டுபோய்ப் பள்ளத்துல விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கம்மாவுக்குத் தெரியாம இதை முடிக்க முடியுமா?"

காற்று ஊளையிடுவது கேட்டது. காரின் கூரையில் பனி உரசுவது கேட்டது.

"ட்ராய்."

அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை. பதிவில் இல்லாத மௌனம்.

"அம்மா? நீங்களா எடுத்தீங்க? செத்தேன் போங்க." சிரித்தான். அதே சிரிப்பு, மூக்கால் தொடங்கும் சிரிப்பு.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கார் நாசமாப் போகட்டும்டா. நீ எங்க இருக்க? எந்த ரோடு?"

"கோவமில்லையே?"

"இல்லடா என் ராசா. எந்த ரோடுன்னு சொல்லு. நான் இப்பவே வரேன்."

"தானியக் கிடங்கு தாண்டி வந்தேன்மா. அப்புறம் ஒரு பாலம் வரும்ல, அதுக்கு முன்னாடி இடது பக்கமா ஒரு மண் ரோடு…"

யாருக்கும் சொல்லாததை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அது கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு. சின்னதாக ஒரு 'டிக்'.

திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால் கையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள்தான் கதவைச் சாத்தியிருந்தாள். அவள்தான் சாவியைத் திருப்பியிருந்தாள். அவளுக்கு எவ்வளவு இழுத்தும் வராத டேப்பைக் கை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போனது. டிரைவ் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. பலகையில் அவனுடைய எண் ஒளிர்ந்தது. பிறகு அந்த எண் மறைந்து ஒரு சொல் வந்தது.

எழுதுகிறது.

"அம்மா, என் பேரு என்னன்னு சொன்னேன் இப்ப?"

"ட்ராய். உன் பேரு ட்ராய்டா. இருடா, வச்சுராத, லைன்லயே இரு."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். சுருள் வயர் நீண்டது, இன்னும் நீண்டது, விறைத்து நின்றது. இன்னொரு கையை நீட்டினாள். சாவி தெரிந்தது. விரல் நுனிக்கும் சாவிக்கும் நடுவே ஒரு சாண். ஃபோனை விட்டால் எட்டும். விட்டால் அவன் மறுபடி கூப்பிடுவானா?

விடவில்லை. அவளால் முடியவில்லை.

"காரை எங்கடா விட்ட, சொல்லு," என்றாள். எதையாவது அவன் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று.

"எந்தக் காரு?"

எழுதுகிறது.

"எங்கம்மா கீழதான் வேல பாக்குறாங்க," என்றான், குழந்தை ஒப்பிப்பதுபோல. "டேப் ரூம்ல. எங்கம்மா. எங்க… எங்க…"

"ட்ராய். இங்க பாரு. அம்மா பேசுறேன்."

"யாரு?"

"அம்மாடா."

காற்று. பனி உரசல்.

"அப்படின்னா என்ன?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலம் என்றாள். தானியக் கிடங்கு என்றாள். அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு மட்டும் வந்தது, தெரியாத ஊரில் தெரியாத பாஷையைக் கேட்கிறவன் மூச்சுமாதிரி.

பலகை மாறியது.

முடிந்தது.

சின்ன வேலை. ஏதோ ஒரு கிளைக்காரனின் ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக் கணக்கு, டேப்பின் முன்பகுதியோடு தீர்ந்துவிட்டது. முடிவுக்குறி விழுந்தது. டிரைவ் டேப்பைத் துப்பியது. கை அதை வாங்கிக்கொண்டுபோய் அதன் மாடத்தில் வைத்தது, அக்கறையாக, நுனிவரை தள்ளி. விளக்கு அணைந்தது.

ஃபோன் இன்னும் உயிரோடு இருந்தது.

"குளிருது," என்றான்.

"தெரியும்டா."

"குளிருது."

முடிவுக்குறிக்கு இந்தப் பக்கம் அவன் பெயர் போயிற்று, கார் போயிற்று, அம்மா போயிற்று, அந்த ரோடு போயிற்று. அந்தப் பக்கம் மிஞ்சியது இதுதான். எந்த யந்திரமும் போகாத இடத்தில், யாரும் மேலே எழுதாத இடத்தில், இது மட்டும். நூறு வருஷத்துக்கு இருக்கும். அவள் இல்லாமல் போன பிறகும் இருக்கும். என்றைக்கும் இருக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

மேலே லிஃப்ட் கதவு திறந்தது. வெண்டல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே, பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம். அவள் திரும்பவில்லை. ஃபோனைக் காதில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்றது காதில்.

குதிருக்குள், இருட்டில், கண்ணாடியின் உள்பக்கத்தில், அவள் முகத்துக்கு நேராக ஒரு மூச்சு படிந்து வெள்ளையாகப் பரவியது. மெல்ல மறைந்தது. மறுபடி படிந்தது.